நாவல் மரத்துக்குப் பேசின கூலி

உக்காருங்க தம்பி. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க. காப்பி வேணாமா? சரி, அப்புறமா குடிக்கலாம்.

மரம் வெட்ட எவ்வளவு ஆகும்னுதானே கேட்டீங்க? மூலை வீட்டுக்குக் குடி வந்து இன்னும் ஒரு மாசம்கூட ஆகல. அதுக்குள்ள யாரோ உங்களை எங்கிட்ட அனுப்பிட்டாங்க. "டீச்சரைக் கேளுங்க, அவங்களுக்குத்தான் தெரியும்"னு சொல்லியிருப்பாங்க. சொல்லும்போது கொஞ்சம் சிரிச்சாங்களா? சிரிச்சிருப்பாங்க. பரவாயில்ல.

உங்க வேப்பமரத்தை நானும் பார்த்தேன். முப்பது அடி இருக்கும். மொட்டைமாடி மேல சாஞ்சு நிக்குது. அதே மரம் வெறும் நிலத்துல நின்னா மூவாயிரத்துக்கு வெட்டிச் சாச்சுட்டுப் போயிடுவான். வெட்டுறதுக்கு எப்பவும் பெரிய காசு இல்ல தம்பி. எது மேலயும் விழாம இறக்குறதுக்குத்தான் காசு. மேல ஒரு ஆள் ஏறணும், கயிறு பிடிக்கக் கீழ ரெண்டு பேர் வேணும். துண்டு துண்டா அறுத்து இறக்கணும். மெஷின் ரம்பம்னா அதுக்கு ஒரு கூலி. கட்டையை அவங்களே எடுத்துக்கிட்டா குறைப்பாங்க. தழையையும் வண்டியில ஏத்திட்டுப் போங்கன்னா கூட்டுவாங்க. பக்கத்துல கரண்டு கம்பி போச்சுன்னா, அது தனி.

உங்க மரத்துக்குப் பக்கத்துல கம்பி போகுது. பார்த்தீங்களா? பார்த்துக்கோங்க.

எனக்கு நாவல் மரம். இப்ப அங்க வாசல்ல வெயில் அடிக்குதே, அந்த இடம். வீடு வாங்கும்போதே நின்னுச்சு. ஆனி ஆடியில பழம் கொட்டினா வாசல் முழுக்க ஊதா. கூட்டிக் கூட்டி இடுப்பு போயிடும். எதிர்வீட்டு நிர்மலா வீட்டுக்காரர் அவரோட வெள்ளைக் காரைத் தெருவுல நிறுத்துவார். அது மேலயும் கறை. வாரத்துக்கு ஒரு தடவை நிர்மலா என் வாசல் கேட் பக்கத்துல வந்து நிப்பா. "டீச்சர், ஏதாவது பண்ணுங்களேன்." பண்ணலாம் பண்ணலாம்னு ஏழு வருஷம் ஓட்டினேன்.

போன வருஷம் ஆடிக் காத்துல பெரிய கிளை ஒண்ணு விண்டுடுச்சு. முறிஞ்சு விழல. பாதி ஒட்டிக்கிட்டு, தெருக்கம்பி மேலயும் அவங்க கார் மேலயும் தொங்குது. நாவல் கிளை நம்பவே முடியாது, பார்க்கத்தான் தடி. எனக்கோ புதன்கிழமை கோயம்புத்தூருக்கு டிக்கெட் எடுத்தாச்சு. பேத்திக்கு முதல் பிறந்தநாள். வீட்டைப் பூட்டிட்டுப் போறப்ப கிளை கார் மேல விழுந்தா? "ஊருக்குப் போறதுக்குள்ள எடுத்துடுங்க டீச்சர்"னு நிர்மலா சொல்லிட்டா. வெறும் கிளையை எடுத்தா அடுத்த வருஷம் இன்னொண்ணு விழும். மரத்தையே எடுத்துடுவோம்னு முடிவு பண்ணினேன்.

முதல்ல டவுன்லேருந்து ஒரு ஆள் வந்தார். தலைக்கவசம், இடுப்பு பெல்ட்டு, எல்லாம் போட்டோல காட்டினார். பதினெட்டாயிரம்னார். அது மட்டுமில்ல, "மின்வாரியத்துல எழுதிக் கொடுத்து லைனை நிறுத்துங்க மேடம், நிறுத்தினாத்தான் ஆள் ஏறும்"னார். சரி யோசிச்சுச் சொல்றேன்னு அனுப்பிட்டேன். இன்னொருத்தர் பன்னெண்டு. அவரும் லைனை நிறுத்தணும்னுதான் சொன்னார்.

மூணாவதா வந்தவன் மதலைமுத்து. ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட இருக்கிறவன். தென்னைமரம் ஏறித் தேங்காய் பறிப்பான். இந்தத் தெருவுல எல்லாருக்கும் அவன்தான் பறிப்பான். நாற்பது வயசு இருக்கும். பொண்டாட்டி அடைக்கலமேரியும் கூட வருவா. அவன் ஏறுவான், அவ கயிறு பிடிப்பா. மரத்தை ரெண்டு பேரும் சுத்திச் சுத்திப் பார்த்தாங்க.

"ஆறாயிரத்து ஐநூறு குடுங்க டீச்சரம்மா"ன்னான்.

"என்னப்பா, கட்டை முழுசும் உனக்குத்தானே போகுது?"

"நாவல் கட்டை விறகுக்குத்தாம்மா போகும். வண்டி வாடகை கழிச்சா ஒண்ணும் நிக்காது."

"நாலாயிரம்."

மேரி சிரிச்சா. "டீச்சரம்மா, மரத்துல பாதி வரைக்கும் ஏறவா?"

எனக்கும் சிரிப்பு வந்துச்சு. கடைசியா ஐயாயிரம். நான் கஞ்சம் இல்ல தம்பி. கணக்கா இருப்பேன். ஒரு சம்பளத்துல ரெண்டு பிள்ளைங்களைப் படிக்க வச்சவ. கடைக்காரன் சொன்ன விலையை அப்படியே கொடுத்தா நம்மளை ஏமாளின்னு நினைப்பான். பேரம் பேசுறது அவங்களுக்கும் ஒரு மரியாதைதான். என்ன சொல்றீங்க?

போகும்போது அவன் சொன்னான், "லைனை மட்டும் நிறுத்தச் சொல்லிருங்கம்மா. அந்தக் கிளை கம்பி மேலதான் தொங்குது."

திங்கட்கிழமை மின்வாரியத்துக்குப் போன் பண்ணினேன். எழுதிக் கொடுங்கம்மா, வியாழக்கிழமை காலையில நிறுத்தித் தர்றோம்னாங்க. அவங்க மேல ஒரு தப்பும் சொல்ல முடியாது. எனக்கு டிக்கெட் புதன்கிழமை. மாத்தியிருக்கலாம். மாத்தினா கொஞ்சம் பணம் போகும், அடுத்த நாள் இடம் கிடைக்குமோ கிடைக்காதோ. இவ்வளவுதான் தம்பி காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தா, சொல்றதுக்குக் கொஞ்சம் நல்லா இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை காலையில ஏழரைக்கெல்லாம் வந்துட்டாங்க. ராத்திரி தூத்தல் போட்டு மரம் ஈரமா இருந்துச்சு. அவன் கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, அரிவாளை முதுகுப் பக்கம் சொருகிக்கிட்டு, "லைன் ஆஃப் பண்ணியாச்சாம்மா?"ன்னு கேட்டான்.

நான் உள்ள போனேன். எங்க வீட்டு மெயின் ஸ்விட்சை இறக்கினேன். வெளிய வந்தேன். "ஆஃப் பண்ணியாச்சு"ன்னேன்.

ஆஃப் பண்ணியாச்சுதான். பொய் இல்ல. என் வீட்டுல ஃபேன் ஓடல, பிரிட்ஜ் ஓடல. அந்த நிமிஷம் எனக்குள்ள நானே அப்படித்தான் சொல்லிக்கிட்டேன்.

அவன் ஏறிட்டான். சின்னக் கிளையெல்லாம் மளமளன்னு கழிச்சான். அரைமணி நேரத்துல பாதி மரம் மொட்டை. நான் அவங்களுக்கு டீ போட்டு எடுத்துட்டு வந்தேன். அப்ப அவன் அந்த விண்ட கிளைக்கிட்டப் போயிருந்தான். இடது கையால மேல் கொம்பைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு வெட்டு வெட்டினான். கிளை அவன் நினைச்ச பக்கம் சாயல. அப்படியே கம்பி மேல உக்காந்துச்சு. அதை நெம்பி விட வலது கையை வச்சான்.

சத்தம் பெருசா இல்ல தம்பி. எண்ணெயில கடுகு போட்ட மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். அவன் கத்தக்கூட இல்ல. சன்ஷேடு மேல விழுந்து, அங்கேருந்து ரோஜாச் செடி மேல விழுந்தான். மேரி கயிறை விட்டுட்டு ஓடினா. "ஏங்க, ஏங்க"ன்னு மட்டும்தான் சொன்னா. நிர்மலாதான் எதிர்வீட்டுலேருந்து ஓடி வந்து ஆம்புலன்சுக்குப் போன் பண்ணினா. நான் டீ டம்ளர் ரெண்டையும் கையில வச்சுக்கிட்டே நின்னேன். கீழ வைக்கணும்னு தோணல. ஆம்புலன்ஸ் போனப்புறம்தான் பார்த்தேன், டீ சிந்தி என் கால் பொரிஞ்சிருக்கு.

உயிர் இருந்துச்சு. பெரியாஸ்பத்திரில சேர்த்துட்டாங்கன்னு பதினோரு மணிக்குத் தகவல் வந்துச்சு. மதியம் ஒரு போலீஸ்காரர் வந்தார். சின்னப் பையன் மாதிரி முகம், நல்லா மரியாதையா பேசினார். மரத்தைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார்.

"யாரும்மா அவரை வேலைக்கு வச்சது? லைனை நிறுத்த அனுமதி வாங்கினீங்களா?"

தம்பி, முப்பத்தோரு வருஷம் வகுப்புல நின்னு "உண்மையைச் சொன்னா அடிக்க மாட்டேன்"னு பிள்ளைங்ககிட்டச் சொன்னவ நான்.

"வேலைக்கு வைக்கல சார்"னேன். "விறகுக்கு வேணும்னு கேட்டான். எடுத்துக்கோன்னேன். அவனாத்தான் ஏறினான்."

அவர் எழுதிக்கிட்டார். தலையை ஆட்டினார். "அவரும் அதைத்தாம்மா சொல்றார். விறகுக்காக நானா ஏறினேன், டீச்சரம்மா மேல தப்பு இல்லன்னு."

நான் பொய் சொல்றதுக்கு முன்னாடியே எனக்காக அவன் அந்தப் பொய்யைச் சொல்லிட்டான். வலியில கிடக்குறவன். அந்த இடத்துல நான், "இல்ல சார், நான்தான் கூலி பேசி வச்சேன்"னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். டீச்சர் கையெழுத்து, அழகா இருக்கும்.

மறுநாள் கோயம்புத்தூர் போயிட்டேன்.

ஆமா. போனேன். பேத்திக்குத் தொப்பி போட்டு கேக் வெட்டினாங்க. போட்டோல நானும் சிரிக்கிறேன். பையன்கிட்ட ஒண்ணும் சொல்லல. "ஏம்மா ஒரு மாதிரி இருக்கே?"ன்னான். பிரயாண அலுப்புன்னேன். ராத்திரி படுத்தா அந்தக் கடுகுச் சத்தம். ஆனா ஒரு விஷயம் எனக்கு ஆறுதலா இருந்துச்சு, அதையும் மறைக்காம சொல்லிடுறேன். மதலைமுத்துக்கு எம்மேல இவ்வளவு மரியாதையா, படிச்சவங்க, தனியா இருக்கிறவங்க, ஸ்டேஷன் வாசல் மிதிக்கக் கூடாதுன்னு நினைச்சிருக்கானேன்னு. அதை நினைச்சு நினைச்சு அழுதேன். அழுதா கொஞ்சம் நல்லா இருந்துச்சு.

பன்னெண்டு நாள் கழிச்சுத் திரும்பி வந்தேன். பாதி வெட்டின மரம் அப்படியே நின்னுச்சு. லைன்மேன் வந்து கம்பி மேல கிடந்த கிளையை மட்டும் எடுத்துட்டுப் போயிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனேன். வீட்டுக்கு அனுப்பிட்டாங்கன்னாங்க. விசாரிச்சு விசாரிச்சு வீட்டுக்குப் போனேன். ஆப்பிள் வாங்கினேன், ஹார்லிக்ஸ் வாங்கினேன். ஒரு கவர்ல ஐயாயிரம் வச்சுக்கிட்டேன். வேலை பாதிதான் முடிஞ்சிருந்துச்சு, ஆனாலும் பேசின கூலியை முழுசா கொடுத்துடணும்னு எடுத்துக்கிட்டுப் போனேன்.

என்ன தம்பி அப்படிப் பாக்குறீங்க? ஆமா. அன்னிக்கு அது எனக்குப் பெரிய மனசாத்தான் பட்டுச்சு.

ஒரே ரூம். மதலைமுத்து கட்டில்ல படுத்திருந்தான். வலது கையில கட்டு. சுட்டுவிரலும் நடுவிரலும் எடுத்துட்டாங்க. இடுப்புல விரிசல். என்னைப் பார்த்ததும் எந்திரிச்சு உக்காரப் பார்த்தான். "வேணாம்ப்பா, படு"ன்னேன். "வாங்க டீச்சரம்மா, கோயம்புத்தூர்ல பாப்பா நல்லா இருக்கா?"ன்னு கேட்டான். நான் எதுக்குப் போனேன்னு அவனுக்குத் தெரியும். எல்லாம் தெரிஞ்சுதான் கேட்டானா, இல்ல வாயில வந்ததைக் கேட்டானா, எனக்கு இன்னும் புரியல.

அவன் தூங்கினப்புறம் மேரி என்னைக் கூட்டிட்டு வாசலுக்கு வந்தா.

"போலீசுகிட்ட அப்படிச் சொன்னதுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல மேரி"ன்னு ஆரம்பிச்சேன். "என் மேல அவனுக்கு..."

"உங்களுக்காகச் சொல்லல டீச்சர்." டீச்சரம்மாங்கிறது டீச்சர் ஆயிடுச்சு, கவனிச்சேன். "கேசு கோர்ட்டுன்னு ஆயிட்டா இந்தப் பக்கம் ஒருத்தரும் இனிமே எங்களை மரத்துக்குக் கூப்பிட மாட்டாங்கன்னு சொன்னாரு. ஆம்புலன்சுல போறப்பவே எங்கிட்டச் சொல்லிட்டாரு, நீயும் இப்படியே சொல்லுன்னு."

பையிலேருந்து கவரை எடுக்கப் போனேன்.

"ஒண்ணு கேக்கட்டுமா டீச்சர்? அன்னிக்கு அவர் ஏறுறதுக்கு முன்னாடி எதிர்வீட்டுல மிக்ஸி ஓடுச்சு. நான் உங்ககிட்டக் கேட்டேன்."

கேட்டா தம்பி. உங்ககிட்ட இதைச் சொல்லாம விட்டுட்டேன். நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க. நான் சொன்னாத்தானே கவனிப்பீங்க. நான் மெயினை இறக்கிட்டு வெளிய வந்து ஆஃப் பண்ணியாச்சுன்னதும், மேரி காதைத் தீட்டிக்கிட்டு, "டீச்சரம்மா, அந்த வீட்டுல மிக்ஸி ஓடுற சத்தம் கேக்குதே"ன்னா. அவன் அரிவாளோட நின்னு என் முகத்தைப் பார்த்தான். நிர்மலா இட்லிக்குச் சட்னி அரைச்சுக்கிட்டு இருந்தா.

நான் சொன்னேன், "அவங்க வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கு."

யோசிக்கவே இல்ல. அப்படியே வந்துச்சு. அதுவும் நிஜம்தான், இன்வெர்ட்டர் இருக்கு. ஆனா நம்ம தெருவுல வைக்கிற இன்வெர்ட்டர்ல ஃபேன் லைட்டுதான் ஓடும், மிக்ஸிக்கு யாரும் லைன் கொடுக்கிறதில்ல. எனக்குத் தெரியாதா? எட்டாம் வகுப்புக்கு நான் எடுத்தது அறிவியல் தம்பி. மின்சாரப் பாடம். முப்பத்தோரு தடவை எடுத்திருக்கேன். வீட்டு மெயினை இறக்கினா தெருக்கம்பியில கரண்டு நிக்காதுன்னு கேள்வியே கொடுத்திருக்கேன், ரெண்டு மார்க்.

மேரி சொன்னா, "எனக்கு அது தெரியாது டீச்சர். படிச்சவங்க சொன்னா சரியா இருக்கும்னு நினைச்சேன். ஆஸ்பத்திரில பக்கத்துக் கட்டில்ல ஒரு எலக்ட்ரீசியன் இருந்தாரு, அவர்தான் சொன்னாரு. இவருக்கு நான் இன்னும் சொல்லல." ரூமைக் காட்டினா. "சொல்லவும் மாட்டேன். எழுந்து நடக்கட்டும்."

கவரை நீட்டினேன். வாங்கி எண்ணினா. "வேலை முடியலையே"ன்னா. "இது ஆஸ்பத்திரிக்குன்னு வச்சுக்கிறேன். மரத்தை நாங்களே வந்து முடிச்சுத் தர்றோம். அதுக்குக் கூலி தனி."

ஒரு மாசம் ஆச்சு. ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒரு வியாழக்கிழமை வந்தாங்க. மேரி, அவ தம்பி, கயிறு பிடிக்க இன்னொரு பொண்ணு. மதலைமுத்து ஆட்டோல வந்து இறங்கி, கம்பை ஊனிக்கிட்டு, கேட்டுக்கு வெளியில உக்காந்துக்கிட்டான். மின்வாரியத்துல எழுதிக் கொடுக்கிறேன்னு நான் சொன்னதுக்கு மேரி, "எழுதிக் குடுங்க, நானே எடுத்துட்டுப் போறேன்"னு வாங்கிட்டுப் போயிருந்தா. அன்னிக்கு லைன்மேன் வந்து ஃபியூஸைப் பிடுங்கினார். மேரி அவர் கையில அதைப் பார்த்தா. கம்பத்துக்குக் கீழயே அவரை நிக்கச் சொன்னா. வேலை முடியுற வரைக்கும் அவர் நகரல. என்னை ஒரு வார்த்தை கேக்கல.

அப்புறம் சேலை மேல புருஷனோட சட்டையைப் போட்டுக்கிட்டு அவளே ஏறினா. மதலைமுத்து கீழேருந்து சொல்லிக்கிட்டே இருந்தான். "இடது கொம்புல மிதி. அது உளுத்தது, வேணாம். மேல கட்டு, இன்னும் மேல." ஒவ்வொரு கொம்பையும் ரெண்டு தடவை மிதிச்சுப் பார்த்துட்டுத்தான் அவ அடுத்த அடி வச்சா. எல்லாக் கட்டையும் கயித்துல மெதுவா, பிள்ளையைத் தொட்டில்ல விடுற மாதிரி இறங்குச்சு. ஒரு பூந்தொட்டி உடையல. நாலு மணிக்கு அடிமரம்தான் மிச்சம். அதையும் ரம்பம் வச்சு அறுத்துட்டாங்க.

மேரி இறங்கி வந்து முகத்தைக் கழுவினா. "இருபத்திரண்டாயிரம் டீச்சர்"னா.

நான் என்ன சொல்லியிருக்கணும்? உள்ள போயி எடுத்துட்டு வந்திருக்கணும். பீரோல இருந்துச்சு. அதைவிட அதிகமாவே எடுத்து வச்சிருந்தேன், கொடுக்கணும்னே எடுத்து வச்சிருந்தேன்.

"இருபதுக்கு முடிச்சுக்கலாமா மேரி?"ன்னேன்.

நான்தான் தம்பி. என் வாய்தான். நாற்பது வருஷமா காய்க்காரன்கிட்ட, ஆட்டோக்காரன்கிட்டப் பேசின வாய். சொன்னப்புறம்தான் எனக்கே காதுல விழுந்துச்சு. லைன்மேன் வேற பக்கம் திரும்பிக்கிட்டார். அவ தம்பி ஏதோ சொல்ல வந்தான், மேரி கையைக் காட்டி அடக்கினா. கேட்டுக்கு வெளியில உக்காந்திருந்த மதலைமுத்து மட்டும் சிரிச்சுட்டான். கோபமான சிரிப்புகூட இல்ல. "டீச்சரம்மா மாறவே மாட்டாங்க"ன்னான். அதைக் கேட்டுட்டு அந்த இடத்துல நிக்க முடியல.

உள்ள ஓடிப்போயி வச்சிருந்த முப்பதாயிரத்தையும் அப்படியே கொண்டாந்து கொடுத்தேன். மேரி இருபத்திரண்டை எண்ணி எடுத்துக்கிட்டு மிச்சத்தை அழுத்தமா என் கையில வச்சா. "பேசினது இதுதான்"னா. நான் ஒண்ணும் பேசலையேன்னேன். "நான் பேசினேன்ல"ன்னா.

அந்த எட்டாயிரம் இன்னும் பீரோலதான் இருக்கு. எதுக்கும் எடுக்க முடியல. அவன் இப்ப மரம் ஏறுறதில்ல. கீழ நின்னு சொல்லுவான். மேரிதான் ஏறுறா, ஆள் வச்சு வேலை செய்யுறா. நல்ல பேரு. இந்தப் பக்கம் பெரிய மரம்னா அவளைத்தான் கூப்பிடுறாங்க. உங்க வேப்பமரத்துக்கு இருபதுக்குக் கீழ சொல்ல மாட்டா. சொன்னதைக் கொடுத்துடுங்க. அந்த ஒரு விஷயத்துலயாவது என்னைப் பார்த்துக் கத்துக்கோங்க.

நம்பர் தர்றேன், எழுதிக்கோங்க. ஆனா நான் கொடுத்தேன்னு சொல்லிடாதீங்க தம்பி. சொன்னா வராம இருக்க மாட்டா, தொழில்காரி, வருவா. ஆனா என் பேரைச் சொன்னீங்கன்னா, நீங்க சொல்றதையும் நம்ப மாட்டா.